எட்டாவது இடம்

என் அக்கா மகள் அபிநயாவுக்குக் கடவுள் வாயைக் கொடுத்தான், காதைக் கொடுக்க மறந்துவிட்டான். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று, வாங்க வராதவளுக்கும் ஒரு புடவையைத் தலையில் கட்டி அனுப்பிவிடுவாள். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பொறுக்க மாட்டாள். அந்தப் பொறுமை இல்லாமல் அவள் தொலைத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அபி அந்த வீட்டில் மூன்றாவது பெண். பெரியவள் பிறந்தபோது தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள். அடுத்தவளுக்குச் சர்க்கரை. இவள் பிறந்தபோது, பையன்தான் என்று நம்பிக்கொண்டிருந்த இவள் அப்பா முருகையன் ஆஸ்பத்திரி வாசலில் பீடி பிடித்துக்கொண்டே நின்றார், உள்ளேயே வரவில்லை. பள்ளிக்கூடப் பையில் இருந்து தீபாவளிப் பாவாடைவரை எல்லாமே அக்காக்கள் இருவரும் போட்டுத் தேய்த்தபிறகுதான் இவளுக்கு வந்தது. பிளஸ் டூ முடித்துக் காலேஜ் போகிறேன் என்றாள். பெரியவள் கல்யாணம் குறுக்கே வந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் முருகையன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

இப்படி எல்லோருக்கும் கடைசியாக இருந்தவளை முதலாவதாக வைத்துக்கொண்டது எதிர்வீட்டு இனியா ஒருத்திதான். எங்கள் அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். இனியா காலேஜ் முடித்தாள். அவளுக்கு வேறு வேலையே கிடைத்திருக்கும். அபி இருக்கிறாள் என்று அதே துணிக்கடையில் வந்து சேர்ந்தாள்.

புடவைப் பிரிவில் அபி விரிப்பாள், இனியா மடிப்பாள். கடைக்குள் போன் ஆகாது. காலையில் வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கையில் வரும். அதனால் என்ன, இவர்கள் இருவருக்கும் பகல் பூராவும் வாய் மூடாது. சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவார்கள். பௌர்ணமி என்றால் ஆட்டோவை விட மாட்டார்கள், கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாகப் பேசிக்கொண்டே நடந்து வருவார்கள். வந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் என் தையல் கடை பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தைப் பேசுவார்கள்.

“அப்படி என்னாதான்டி பேசுவீங்க? ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு ரோடுதானே, அதுக்குள்ள தீந்து போவாதா?” என்று நான் கத்துவேன். அவர்கள் அதற்கும் சேர்ந்து சிரிப்பார்கள்.

எல்லாம் ஒரு ஆப்பில் கெட்டது. போட்டோ எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பும் ஆப். எல்லோருடைய போனிலும் இருக்கிறதுதான். அதில் கொஞ்சம் காசு கட்டினால் இன்னொன்றும் காட்டும் என்று எவளோ சொல்லி, அபியும் கட்டித் தொலைத்தாள். மறுநாள் சாயங்காலம் தனியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“சித்தி, இனியாவுக்கு நான் நெப்டியூனாம்.”

“அது இன்னா வியாதி?”

“வெளாடாத சித்தி. இங்க பாரு. நடுவுல இருக்கிற சூரியன் அவ. சுத்தி எட்டு கிரகம். யார்கூட ரொம்ப நெருக்கமோ அவங்க சூரியனுக்குப் பக்கத்துல இருப்பாங்க. நான் கடைசி. எட்டாவது.”

பார்த்தேன். ஒரு ஓரத்தில் நீலமாக ஒரு உருண்டை, அதில் இவள் முகம்.

“ராகு, கேது தெரியும் எனக்கு. இது எங்கருந்துடி வந்துச்சு? போய் அவளையே கேளேன்.”

“கேக்கறதுக்கு இன்னா இருக்கு? அதான் காட்டுதே.”

முதலாவது யார் என்று அது காட்டாது. ஆனால் அபிக்குத் தெரிந்திருந்தது. ஆட்டோவில் போன் கைக்கு வந்ததும் இனியா வினோதினிக்குத்தான் மெசேஜ் போடுவாள். வினோதினி கீழ்பென்னாத்தூர்ப் பெண், காலேஜில் இனியாவோடு படித்தவள், கல்யாணமாகி சூரத்துக்குப் போய்விட்டாள். காலேஜ் என்ற சொல்லே அபிக்குப் புண். அந்தப் புண்ணில் போய் இது விழுந்தது.

மறுநாள் இருவரும் என் கடைக்கு வந்தபோது நான்தான் பேச்சை எடுத்தேன். மூடி வைத்தால் நாறும் என்று எனக்குத் தெரியும். விஷயத்தைக் கேட்டதும் இனியா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்திருக்கக் கூடாது.

“சிரிக்காத. மொதல்ல இருக்கிறது யாரு? வினோதானே?” என்றாள் அபி.

“ஆமாடி. ஆனா அவ…”

“போதும். ஆமான்னு சொல்லிட்ட இல்ல.”

“சொல்றத முழுசா கேளுடி. நீ என் பக்கத்துலயே…”

“சமாளிக்காத இனியா. படிச்சவளுக்குப் படிச்சவதான் ஜோடி. நான் புடவ விரிக்கறதுக்குத்தான் ஆவேன்.”

இனியாவின் முகம் செத்துவிட்டது. அவளும் ரோஷக்காரிதான். “இத்தினி வருஷம் பழகினத விட அந்தப் போன் சொல்றது பெருசாப் போச்சு இல்ல உனக்கு?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அபியைப் பிடித்து உட்கார வைத்து நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த வாரமே சூப்பர்வைசரிடம் கேட்டுக் குழந்தைகள் துணிப் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். ஆட்டோவையும் மாற்றிக்கொண்டாள்.

அடுத்த பௌர்ணமிக்குக் கூட்டத்தில் இனியா இவளுக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தாளாம். தோளில் அதே பச்சைப் பை. நாலு எட்டு வேகமாக வைத்தால் பிடித்துவிடலாம். இவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்து வந்தாளாம். இதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். லட்சம் பேர் அண்ணாமலையாருக்கு அரோகரா போட்டுக்கொண்டு நடக்கிற பாதையில், இவள் ஒருத்தி ரோஷத்தைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள்.

இனியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் புனேவில் கம்பெனி வேலை. தாம்பாளத்தில் பத்திரிகையும், கூட ஒரு புடவையும் வைத்துக்கொண்டு இனியா அபி வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். மயில் கழுத்து நிறத்தில் புடவை. அதே போல் இன்னொன்று தனக்கும் எடுத்திருந்தாள்.

“ரிசப்ஷனுக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி கட்டிக்கலாம்டி. மேடையில தோழியா நீதான் நிக்கணும்” என்றாள். பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தோழி நிற்க வேண்டும் இல்லையா, வியர்வை துடைத்து விடவும், கொடுக்கிற பரிசுகளை வாங்கிப் பின்னால் வைக்கவும்?

அபி பத்திரிகையைக்கூடக் கையில் வாங்கவில்லை. “உன் மொத கிரகத்தக் கூப்பிட்டு நிக்க வெச்சிக்க” என்றாள்.

பாவி! அந்த வார்த்தையை அவள் வாயில் இருந்து பிடுங்கி எறிய முடிந்தால் நான் எறிந்திருப்பேன். இனியா தாம்பாளத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு, “நீ வருவடி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நம்பிக்கையில்தான் நானும் புடவைக்கு ரவிக்கை தைத்து அபிக்குக் கொடுத்தேன். அவள் அதை ஆணியில் மாட்டிவிட்டாள்.

ரிசப்ஷன் அன்று மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மயில் கழுத்துப் புடவையில் இனியா அம்மன் மாதிரி இருந்தாள். அவள் இடது பக்கம் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். இனியா அவள் காதில் ஏதோ சொன்னாள், அவள் இறங்கிப் போய்விட்டாள். கேமராக்காரன், “மேடம், இன்னும் கொஞ்சம் நகந்து நடுவுல வாங்க” என்றான்.

“இருக்கட்டுங்க. ஒருத்தி வரணும்” என்றாள் இனியா.

எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து அபிக்குப் போன் போட்டேன். “அடியே, உன் எடத்த விட்டுட்டு நிக்கறாடி அவ. கிளம்பி வா, உன் கால்ல வேணா விழறேன்.”

“தலவலி சித்தி” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

கூட்டம் கலைந்து பந்தி முடிகிறவரை இனியாவின் கண் வாசலில்தான் இருந்தது. பரிசுகளை எல்லாம் அவளே வாங்கி, அவளே திரும்பி வைத்தாள். கல்யாணம் முடிந்து புனேவுக்கு ரயில் ஏறிவிட்டாள்.

சில மாதம் கழித்து, கோயிலில் குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்த வந்த ஒரு பெண், இனியா சொன்னாள் என்று என் கடையைத் தேடிக்கொண்டு வந்தாள். அன்று அபிக்கு வார விடுமுறை, பெஞ்சில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்கு ஊக்கு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்தவள் அவளையே பார்த்தாள்.

“நீங்க அபிதானே? நான் வினோதினி. உங்கள போட்டோவுல அவ்ளோ பாத்திருக்கேன்.”

அபி நிமிரவில்லை. வினோதினி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மனசில் இருந்ததைக் கொட்டினாள். சூரத்தில் பாஷை தெரியாது. வீட்டுக்காரர் காலையில் போனால் ராத்திரிதான் வருவார். கைக்குழந்தையோடு நாலு சுவருக்குள் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்ததாம்.

“இனியா மட்டும் பேசலனா நான் இன்னா ஆயிருப்பேனோ தெரியலங்க. சாயந்திரம் போன் எப்ப அவ கைக்கு வரும்னு பாத்துகினே இருப்பேன். ஒரு நாளு நானே கேட்டேன், எங்கூடவே இப்படிப் பேசினு இருக்கியே, உன் அபி கோச்சுக்க மாட்டாளான்னு.”

“அதுக்கு அவ இன்னா சொன்னா?” அபியின் குரல் எனக்கே கேட்டும் கேட்காததுமாக இருந்தது.

“சிரிச்சா. அபிகிட்ட பேச எனக்கு எதுக்குப் போனு, முழங்கையால ஒரு இடி இடிச்சா போதும்னு சொன்னா.”

ஊசி அபியின் விரலில் ஏறிவிட்டது. வினோதினி போகிறவரை அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். “அன்னிக்கி முழுசா கேட்டிருக்கலாமே சித்தி, ஒரே ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாமே” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். திட்டத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை. தண்ணீர் கொடுத்து, போனை எடுத்துக் கையில் திணித்தேன்.

இனியா முதல் ரிங்கிலேயே எடுத்தாள். திட்டவும் இல்லை, குத்திக் காட்டவும் இல்லை. “சாப்பிட்டியாடி?” என்றாள். அதற்கு இவள் இன்னும் பெரிதாக அழுதாள்.

அதிலிருந்து தினமும் இருவருக்கும் மெசேஜ்தான். கடையில் போன் கைக்கு வந்த நிமிஷத்தில் இருந்து இவள் இங்கே தட்டுவாள், அவள் அங்கே தட்டுவாள். என்ன குழம்பு, எந்தத் துணி போணி ஆனது, புனேவில் மழையா, எல்லாம் எழுதியாக வேண்டும். ஆட்டோவில் மறுபடியும் பழைய இடத்தில் ஏறி வருகிறாள். பக்கத்தில் உட்காருகிறது யார் யாரோ.

போன பௌர்ணமிக்குத் தனியாக நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். போனைப் பார்த்தவள் அப்படியே இருந்தாள். என்னடி என்று வாங்கிப் பார்த்தேன். அதே சூரியன், அதை ஒட்டிச் சின்னதாக ஒரு உருண்டை, அதில் இவள் முகம்.

“அடி சக்கை! மொத எடம் வந்துட்டியேடி. இதுக்குத்தானே அம்மாம் ஆட்டம் ஆடின? சந்தோஷப்படாம ஏன் இப்படி உக்காந்துகினு இருக்க?”

அபி பெஞ்சில் தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் கையால் தடவினாள்.

“எனக்கு அந்த எட்டாவது எடமே குடுக்கச் சொல்லு சித்தி. எட்டாவதா இருந்தப்ப அவ இங்க உக்காந்துகினு இருந்தா.”