கண்ணாடிக்குள் ஓடும் ரயில்

"தலையை ஆட்டாதீங்க, சுரங்கம் வரப்போகுது" என்று சொல்லிவிட்டு, காதோரம் வைத்த கத்தரியை அப்படியே நிறுத்திக்கொள்கிறார் கார்டு. நாற்காலியில் இருப்பவரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். டிவியில் ரயில் இருட்டுக்குள் போகிறது, வெளியே வருகிறது. அதற்குள் ஜன்னலோரப் பணக்காரரின் மடியில் இருந்த பை காணாமல் போயிருக்கிறது. தானே எடுத்துவிட்டது போலக் கார்டு ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுக் கத்தரியை மறுபடி ஓட்டுகிறார்.

கார்டு என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். அவர் ரயில்வேயில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. முடி திருத்துகிறவர். ஆனால் நாற்காலி காலியானதும் "அடுத்தது யாரு, ஏறுங்க" என்றுதான் கூப்பிடுவார். கடையில் ரயில் படம் மட்டும்தான் ஓடும். மேட்ச் வையுங்கள் என்று கேட்பவர்களிடம், ரிமோட் கெட்டுப்போய்விட்டது என்று முகத்தைப் பார்த்தே பொய் சொல்வார். ரிமோட் அவருடைய சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும்.

கதை முழுக்க ரயிலுக்குள் நடக்க வேண்டும். கடைசிக் காட்சியில் காதலி ரயிலேறிப் போக, காதலன் கையசைத்துக்கொண்டு நிற்கிறானே, அதெல்லாம் அவரிடம் செல்லாது. அது ஸ்டேஷன் படம் என்று தள்ளிவிடுவார். ஒரு கல்யாணக் கூட்டம் மொத்தமும் தப்பான வண்டியில் ஏறிவிடுகிற படம் அவருக்கு உயிர். தங்கம் இருக்கிறது என்று நம்பி இரண்டு திருடர்கள் கடத்திப் போகும் சரக்கு வண்டியில் வெறும் உப்பு மூட்டைகளாக இருக்கிற படமும் பிடிக்கும். டிக்கெட் இல்லாமல் வந்த பெண்ணிடம் பரிசோதகர் மனதைப் பறிகொடுத்துவிட்டு, அபராதச் சீட்டை எழுதி முடிக்காமல் கடைசி ஊர் வரைக்கும் இழுத்தடிக்கிற படம் ஒன்று உண்டு. அது ஓடும் நாளில் அவசரக்காரர்கள் இந்தக் கடைப் பக்கம் வரக் கூடாது.

ரயில் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "வீட்டுல சண்டை வந்தா ஒருத்தன் கதவைச் சாத்திட்டு வெளிய போயிடுவான். ரயில்ல எங்க போவான்? எதிர்லயே உக்காந்துதான் ஆகணும். பேசித்தான் ஆகணும்."

டிவி இருப்பது நாற்காலிக்குப் பின்சுவரில். உட்கார்ந்திருப்பவர் அதைக் கண்ணாடியில்தான் பார்க்க முடியும். ஆகவே வலப்பக்கம் போகிற ரயிலெல்லாம் இந்தக் கடையில் இடப்பக்கம் போகும். பாதிக்கு மேல் வேற்று மொழிப் படங்கள். அடியில் ஓடும் எழுத்து கண்ணாடியில் இடவலம் மாறிவிடுவதால் யாராலும் படிக்க முடியாது. அதனால் வசனமெல்லாம் கார்டின் வாய்வழியாகவே வரும். திரும்பிப் பார்த்துப் படித்துச் சொல்வது பாதி, அவராக அள்ளி விடுவது பாதி. ஒரு கணக்கு வாத்தியார் அதே படத்தை வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, கார்டு சொன்ன கதைதான் தேவலை என்று புகார் போலச் சொன்னார். படம் முடிவதற்குள் முடி வெட்டி முடிந்துவிடும். மிச்சக் கதைக்கு முடி வளர்ந்த பிறகு வரச் சொல்வார். சிலர் முடி வளராமலே வருவதும் உண்டு.

வசனத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எஞ்சின் டிரைவர் திரையில் தலைகாட்டினால் போதும், கார்டு வேலை கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார். முந்தின காட்சியில் டீசல் எஞ்சின், இந்தக் காட்சியில் மின்சார எஞ்சின், யாரை ஏமாற்றுகிறார்கள் என்று கோபித்துக்கொள்வார். எந்தப் படத்தில் எந்த வண்டி எதற்காக நின்றாலும் அவரிடமிருந்து ஒரே வாக்கியம் வரும்: "இவன் இன்னும் கொஞ்சம் முன்னாடியே பிரேக் பிடிச்சிருக்கணும்." கடையில் அது வாய்ப்பாடு மாதிரி. காத்திருப்பவர்கள் அவர் வாயைத் திறக்குமுன் கோரஸாகச் சொல்லி முடிப்பார்கள்.

இந்த ஞானமெல்லாம் அண்ணனிடமிருந்து வந்தது. அவர் நிஜமான ரயில் ஓட்டுநர். அப்போதெல்லாம் கடை திறக்கும் முன்பே வந்து முதல் ஆளாக நாற்காலியில் சாய்ந்துகொள்வார். தம்பி படத்தைப் போட்டுக் கேள்வியாய்க் கேட்டுத் தள்ளுவார். இதெல்லாம் நடக்குமா, அந்த நெம்புகோலை இழுத்தால் என்ன ஆகும், பாரம் ஏற்றிய வண்டி முழு வேகத்தில் வரும்போது பிரேக் போட்டால் எவ்வளவு தூரம் போய் நிற்கும். அண்ணன் அரைத் தூக்கத்தில் சலிக்காமல் பதில் சொல்வார். அண்ணனுக்குப் பின்னந்தலையில் ஒரு சுழி உண்டு. அதன் போக்கு தெரிந்து வெட்டினால்தான் முடி படியும். தம்பியைத் தவிர வேறு கை அந்தத் தலையைத் தொட்டதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால், அண்ணன் ஓட்டிப்போன வண்டியின் முன்னால் ஒருவர் தண்டவாளத்தில் வந்து நின்றுவிட்டார். அண்ணன் பிரேக் பிடித்தார். வண்டி நிற்க வேண்டிய தூரத்தில்தான் நின்றது. அந்த மனிதர் நின்ற இடம் அதற்கு வெகு முன்னாலேயே இருந்தது. விசாரித்த அதிகாரிகளும் ஓட்டுநர் மேல் தவறு இல்லை என்றார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சாப்பாடு இறங்கவில்லை. தம்பி கடைக்காவது போய்விட்டு வாருங்கள் என்று அண்ணிதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

கார்டுக்கு எல்லாம் தெரியும். அண்ணனைச் சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று துடித்தார். சிரிக்கவைக்க அவரிடம் இருந்தது ஒரே சரக்கு. கல்யாணக் கூட்டம் படத்தைப் போட்டார். நடுவில் தண்டவாளத்தில் ஒரு வைக்கோல் வண்டி மாட்டிக்கொள்ளும். டிரைவர் பிரேக் போடுவார். மாப்பிள்ளை மாமனார் மடியில் விழுவார். படத்திலேயே பெரிய சிரிப்பு அங்கேதான். அது வரப்போகிறது என்பது கார்டுக்கு நினைவில்லை. வந்ததும் வாய் தன் பழக்கத்தில் ஓடிவிட்டது.

"இவன் இன்னும் கொஞ்சம் முன்னாடியே பிரேக் பிடிச்சிருக்கணும்."

கண்ணாடியில் அண்ணனின் கண்கள் ஒரு தரம் நிமிர்ந்தன. கழுத்தில் கட்டிய துணியை அவரே அவிழ்த்து, மடித்து, நாற்காலியின் கையில் வைத்தார். ஒரு பக்கம் வெட்டி, ஒரு பக்கம் வெட்டாத தலையோடு தெருவில் இறங்கி நடந்தார். எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார்டு சீப்பும் கையுமாக வாசலில் நின்றார். ஓடிப் போய்க் கையைப் பிடித்திருக்கலாம். அந்த வாக்கியத்துக்காக வருந்துவதைவிட, அன்று வாசலைத் தாண்டாமல் நின்றதற்காகத்தான் அவர் இன்றைக்கும் அதிகம் வருந்துகிறார்.

அதன் பிறகு வீட்டுக்குப் பலமுறை போனார். அண்ணன் வா என்றார், உட்கார் என்றார், வெயிலைப் பற்றிப் பேசினார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். வெயிலைப் பற்றிப் பேசுகிறவரிடம் எந்த இடத்தில் மன்னிப்பைச் செருகுவது? அண்ணன் மகள் கல்யாணத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கு அண்ணனின் பின்னந்தலைதான் தெரிந்தது. யாரோ சுழியின் போக்கு தெரியாமல் எதிர்ப்போக்கில் வெட்டியிருந்தார்கள். முடி குத்திட்டு நின்றது.

கடையில் ரயில் படம் நிற்கவில்லை. வேறு படம் அவருக்குப் பார்க்கத் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் வண்டி நிற்கிற காட்சி வந்தால் மீசையை ஒதுக்கட்டுமா என்று பேச்சை மாற்றுகிறார். பழைய ஆட்கள் கோரஸ் பாடினால் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார். கார்டுக்கு வயதாகிவிட்டது என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

போன வாரம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டு. எங்கும் நடக்க முடியாது. முடி காது மேல் இறங்கிக் கிடக்கிறது. அண்ணன் கூப்பிட்டாரா என்று கேட்டார் கார்டு. "நான் கூப்பிடறேன் தம்பி, வாங்க" என்றார் அண்ணி.

பேருந்தில் வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனார். பால்கனிக் கதவருகே நாற்காலி, கட்டுப் போட்ட காலுக்கு ஒரு முக்காலி, தரையில் பழைய செய்தித்தாள். அங்கே கண்ணாடி கிடையாது. அண்ணன் வா என்றார், உட்காரச் சொல்லவில்லை. கார்டு துணியைக் கட்டிவிட்டுப் பின்னால் நின்று வெட்டத் தொடங்கினார். நரைமுடி கொத்துக் கொத்தாகச் செய்தித்தாளில் விழுந்தது.

"அன்னிக்கு நான் முன்னாடியே பிடிச்சேன்டா" என்றார் அண்ணன், வெளியே பார்த்தபடி.

"தெரியும்ணே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நிக்கிற தூரம் எவ்வளவுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

கீழே தெருவில் ஏதோ வண்டி போய் ஓய்ந்தது. அதன் பிறகுதான் அண்ணன் கேட்டார்.

"தெரிஞ்சுமாடா சொன்ன?"

பின்கழுத்தை வெட்டத் தலையைக் குனியவைக்க வேண்டும். கார்டு அண்ணனின் உச்சியில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினார். தலை குனிந்துகொடுத்தது. கத்தரியை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையை மட்டும் எடுக்காமல் அப்படியே நின்றார்.