கியர் கை

எங்கள் மலையில் ஜீப் ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் இடது கை வலிக்கும். வளைவுக்கு வளைவு கியரை மாற்றுவது அந்தக் கைதானே. அந்த வலிக்கு இங்கே பெயரே வைத்துவிட்டார்கள், கியர் கை. "சிஸ்டர், கியர் கை படுத்துது, ஆயின்மென்ட் குடுங்க" என்று வருவார்கள். கொடுப்போம், போவார்கள். எமர்ஜென்சிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, இந்தப் பெயர் உங்கள் காதிலும் சீக்கிரம் விழும். விழுந்த கையோடு மறந்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அன்று மத்தியானம் நான் ட்ரையேஜ் மேசையில் இருந்தேன். வருகிறவர்களில் யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது என்று பிரித்து அனுப்புகிற இடம். பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கத்தி பட்டுக் கால் கிழிந்த ஒரு பெண்ணை, ஜீப் டிரைவர் தங்கராசு அண்ணன் கொண்டுவந்து இறக்கினார். அவளைத் தையல் போட உள்ளே அனுப்பினேன். கூட வந்த தோட்டத்துப் பெண்கள் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தையல் முடிந்ததும் எல்லாரையும் அண்ணன்தான் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும்.

அவர் கையை நீவிக்கொண்டே மேசைக்கு வந்தார்.

"கியர் கைதான் சிஸ்டர். ரெண்டு மூணு நாளா உசுர வாங்குது. தைலம் தேச்சுத் தேச்சு வீட்டுக்காரிக்குக் கை ஓஞ்சு போச்சு. வெரசா எதாச்சும் குடுங்க, கீழ எறங்கணும்."

வெளியே பனிமூட்டம் இறங்கிக் கிடந்தது. நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறேன், இவருக்குச் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"மழையாண்ணே வெளிய?"

"மழை ஏது?"

"அப்ப ஏன் இப்படி வேர்த்துக் கெடக்கு?"

"அந்தப் புள்ளயத் தூக்கி எறக்குனேன்ல."

கையைப் பிடித்து அமுக்கினேன். முழங்கை, புஜம், தோள், கழுத்து. எங்கே அமுக்கினாலும் "இல்ல, வலிக்கல" என்றார். தூக்கச் சொன்னேன், சுழற்றச் சொன்னேன். நன்றாகவே சுழற்றினார். "பாத்தீங்களா, ஒண்ணுமேயில்ல!" என்று சிரித்தார்.

கியர் கைக்காரர்கள் அமுக்கினால் துள்ளுவார்கள். இந்த வலி என் விரலுக்கு அகப்படவே இல்லை. அது கையில் இல்லை, வேறு இடத்திலிருந்து கைக்கு வந்துகொண்டிருந்தது.

"எப்பண்ணே கூடுது?"

"மேடு ஏறினா. நின்னா கொறஞ்சிரும். இன்னிக்குத்தான் கொறைய மாட்டேங்குது."

"நெஞ்சு வலிக்குதா?"

"சேச்சே, வலியெல்லாம் இல்ல. ஒரு கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. காலைல தின்ன பரோட்டா."

உடனே ஈசிஜி எடுக்கணும், படுங்க என்றேன். "ஆளுக காத்துக் கெடக்காக சிஸ்டர். விட்டுட்டு வந்து படுக்குறேன்" என்று சாவியை விரலில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

எனக்குப் பொறுமை கிடையாது, அது ஆஸ்பத்திரிக்கே தெரியும். "உங்களுக்காக ஒண்ணும் படுக்க வேண்டாம்ணே. அங்க பாருங்க, எத்தன பேரு உக்காந்திருக்காங்க. வளைவுல உங்க கை நின்னுபோச்சுன்னா அவங்க கதி என்ன?"

அவர் பார்த்தார். ஜீப்புக்குள் ஒருத்தி ஆரஞ்சை உரித்து மற்றவர்களுக்குச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதற்கோ எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் திரும்பி வந்து சாவியை என் மேசையில் வைத்தார். "வேற வண்டி சொல்லி இவுகள அனுப்பிருங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

ஈசிஜி பேப்பரைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது. பெரிய அட்டாக். ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்தோம், இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டோம், ஆம்புலன்சில் ஏற்றிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மலை இறங்கி முடியும் முன்பே அவர் போய்விட்டார். செய்தி வந்தபோது நான் அந்த மேசையிலேயே அழுதேன். சாவி அங்கேயே கிடந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அதை வாங்க அவர் மனைவி பார்வதியக்கா வந்தார். பெருமாள்மலையில் ஜீப்புகள் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருப்பவர். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை.

"தைலம் தேய்க்காம மொத நாளே கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாரா சிஸ்டர்?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"பொழச்சிருக்கலாம்க்கா. ஆனா இந்த மலையில யாரா இருந்தாலும் தைலந்தான் தேய்ச்சிருப்போம். அவரு சாவியத் தன் கையால குடுத்தாரு. வண்டியில இருந்தவங்க அத்தன பேரும் பத்திரமா வீடு போய்ச் சேந்தாங்க."

அக்கா வெகுநேரம் அழுதார். பிறகு எங்கே அமுக்கினேன், அவர் என்ன சொன்னார், எப்படி வேர்த்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

சில மாதம் கழித்து ஒரு ஜீப் டிரைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். டீ குடிக்கப் போன எடத்துல கைய நீவிட்டேன், அது ஒரு தப்பா? அந்த டீக்கடையக்கா புடிச்சு அமுக்குச்சு. வலிக்கலன்னேன். வண்டிச் சாவியப் புடுங்கிப்புட்டு பஸ்ல ஏத்தி விட்டுருச்சு."

அவரைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தேன். அட்டாக் தொடங்கியிருந்தது. நேரத்தோடு கீழே போய்ச் சேர்ந்தார், பிழைத்தார்.

ஆகவே பிள்ளைகளே, எங்கள் மேசையில் கியர் கை என்று ஒரு நோய் கிடையாது. இடது கை வலி என்று வந்தால், அமுக்கி வலித்தாலும் சரி, வலிக்காவிட்டாலும் சரி, முதலில் ஈசிஜி. பெருமாள்மலையிலிருந்து அக்கா இன்றைக்கும் ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். பார்த்தாச்சு என்று நான் போனில் சொன்னால்தான் சாவி திரும்பக் கிடைக்கும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெறும் தசை வலிதான். அக்காவையும் என்னையும் திட்டிக்கொண்டே பஸ் ஏறி வருகிறார்கள், திட்டிக்கொண்டே போகிறார்கள். திட்டட்டும். திட்ட உயிரோடு இருக்கிறார்களே, அது போதும்.