பதினான்கு போட்டோவும் ஒரு போன் நம்பரும்

எங்கள் ஊரில் போட்டோ இல்லாமல் ஒரு காகிதம் அச்சாகாது. காதுகுத்தா, கடைத் திறப்பா, கண்ணீர் அஞ்சலியா, எதுவானாலும் வரிசையாக நாலு பேர் கைகூப்பி நிற்க வேண்டும். கடத்தூரில் ஒரு டி.டி.பி. கடையில் ஏழு வருடமாக அந்தத் தலைகளை வெட்டி ஒட்டுவதுதான் என் பிழைப்பு. பக்கத்து நாற்காலி மெஹ்ஜபீனுடையது. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், ஆரம்பிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுக்கு இருபத்தேழு வயது. அப்பா நூர் பாஷா தையல் கடை வைத்திருக்கிறார். காலேஜ் முடித்த வருடம் அவளுக்குத் தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவளே தருமபுரிக்கு பஸ் ஏறி, பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்தாள். ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினாள். "வெளிய மூச்சு விட்டீன்னா உன்னை எவன்டி கட்டுவான்" என்று அவள் அம்மா பரிதா அதை அப்படியே அமுக்கிவிட்டார்.

போன வருடம் வணிகர்கள் நடத்தும் ஒரு சேவைச் சங்கம், காலேஜ் பிள்ளைகளுக்கு மனநலம் பற்றி மூவாயிரம் நோட்டீஸ் கேட்டது. நெட்டிலிருந்து எதையாவது எடுத்துப் போடச் சொன்னார் முதலாளி. மெஹ்ஜபீன் கேட்கவில்லை, தானே எழுதினாள். ஜெராக்ஸ் எடுக்க வரும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வரியாகக் காட்டினாள். மனச்சோர்வு என்றால் ஒருத்தருக்கும் ஒட்டவில்லை. இரண்டாம் வருடம் படிக்கும் காவேரி என்ற பெண்தான், "எதுவுமே புடிக்கலன்னு போடுங்கக்கா" என்றாள். அப்படியே போட்டாள். "ரெண்டு வாரமா எதுவுமே பிடிக்கலையா? இது பைத்தியம் இல்லை, திமிரும் இல்லை. இதுக்கு வைத்தியம் இருக்கு. இந்த நம்பர்ல பேசு. நீ பேசினது உன் வீட்டுக்குப் போகாது." கீழே கொட்டை எழுத்தில், அரசாங்கத்தின் இலவச எண் 14416.

சங்கத் தலைவர் மாதேஸ்வரன், அரிசி மில்காரர், ப்ரூபைப் பார்த்து முகம் சுளித்தார்.

"எங்க போட்டோவெல்லாம் எங்கம்மா?"

"இடமில்லீங்க."

"எழுத்தக் குறைச்சுக்கோ. அத எவன் படிக்கப் போறான்?"

முடியாது என்றாள். மத்தியானம் அவள் சாப்பிடப் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். நானும் செய்து கொடுத்தேன். மேலே ஏழு தலை, கீழே ஏழு தலை. கீழ் வரிசைக்கு இடம் வேண்டுமென்று அந்த எண்ணைத் தூக்கினேன். வழக்கம்போல் தலைவர் படத்துக்கு அடியில் 'தொடர்புக்கு' என்று அவர் செல் நம்பரைப் போட்டேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்தேனா? எருமை மாடு, படிக்கவில்லை.

கட்டு கட்டாகக் காலேஜுக்குப் போன பிறகுதான் மெஹ்ஜபீன் பார்த்தாள். முதலாளியிடம் கத்தினாள். திருத்தி அடிக்கலாம் என்றார், அடிக்கவில்லை. அவர்தான் மாற்றினார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் காவேரி வந்தாள், அம்மாவோடு. ஜாதகம் ஜெராக்ஸ், பத்து காப்பி.

"காலேஜ் இல்லியா?" என்று கேட்டாள் மெஹ்ஜபீன்.

"நிறுத்திட்டாங்க. வூட்டுக்குப் போகாதுன்னு நீங்கதானக்கா எழுதுனீங்க?"

அந்த நம்பருக்குப் பேசியிருக்கிறாள். எதுவுமே பிடிக்கவில்லை, சும்மா சும்மா அழுகை வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். எடுத்த மாதேஸ்வரன் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துக்கொண்டு, அன்றைக்கே அவள் அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார். "புள்ளைக்கு மண்ட சரியில்லீங்க. சட்டுனு ஒரு கல்யாணத்தப் பண்ணிப்புடுங்க, தானா சரியாயிரும்." அவர் மில்லுக்கு நெல் போடுகிறவர் அப்பா, மறுபேச்சு ஏது? நல்லதுதானே செய்தேன் என்று அந்த மனுஷன் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். நல்லதாம், மண்ணாங்கட்டி.

மெஹ்ஜபீன் காவேரியின் அம்மாவை நாற்காலி இழுத்து உட்கார வைத்தாள். கடையில் நாலு பேர் நின்றார்கள், அவள் குரலைத் தணிக்கவில்லை. "எனக்கும் இதேதாங்க வந்துச்சு. ஒரு வருசம் மாத்திரை சாப்ட்டேன். இப்ப பாருங்க, நல்லாத்தான இருக்கேன்? கல்யாணம் எங்கயும் ஓடிராது. மொதல்ல டாக்டரு." சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவங்கப்பாவுக்குத் தெரியாம ஒரு தடவை போய்ட்டு வரலாம் என்றார்.

மறுநாள் தருமபுரிக்கு அவர்களோடு நானும் போனேன். ஆஸ்பத்திரியில் காவேரி பேரைக் கூப்பிட்டார்கள், அவள் பெஞ்சை விட்டு எழவில்லை. நம்பரை மாற்றிவிட்டார்கள் என்று மெஹ்ஜபீன் எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. "இங்க சொன்னாலும் அந்தாளுக்குத்தான் போகும். நீங்க பொய் சொல்றீங்க" என்றாள். அம்மாவும் கெஞ்சிப் பார்த்தார். இரண்டாம் முறை பேரைக் கூப்பிட்டார்கள்.

"நம்பர எடுத்தது நாந்தான்" என்றேன். "மெஹ்ஜபீன் போட்டது வேற நம்பரு. போட்டோவுக்கு இடம் பத்தலன்னு நாந்தான் தூக்கிட்டு அவரு நம்பரப் போட்டேன்."

மெஹ்ஜபீன் என்னையே பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

"அப்ப இந்தக்கா பொய் சொல்லல?" என்று காவேரி என்னிடம் கேட்டாள்.

"இல்ல."

காவேரி எழுந்து மெஹ்ஜபீன் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் டாக்டர் அறைக்குள் போனார்கள்.