தரைக்காற்று அடித்த விடுமுறை

எங்கள் கடற்கரையில் காத்தக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. விடிந்ததும் காய்ந்த மணலை ஒரு பிடி அள்ளி உதிர்த்து, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். வானிலை செயலியையும் திட்டிக்கொண்டே ஒரு தடவை பார்த்துக்கொள்வார். பிறகு அலை எவ்வளவு, காற்று எங்கிருந்து, யார் இறங்கலாம் என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிவைப்பார். நான் மீட்புப் படகு ஓட்டுகிறவன். அதைப் படிக்காமல் டீகூடக் குடிக்கமாட்டேன்.

அக்காவுக்கு ஒரு கொழுந்தன். மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடியோடு திரிகிற ஆள் என்பதால் ‘கண்ணாடி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நின்றபடி துடுப்புப் போடுகிற மிதவைகளை வாடகைக்கு விடும் கடை அவனுடையது. அக்காவின் கணவர், அதாவது அவன் அண்ணன், அங்கே அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் மாஸ்டராக இருந்தார். ‘இருந்தார்’ என்று என்னைச் சொல்லவைத்தவன் இந்தக் கண்ணாடிதான்.

தரைக்காற்று பொல்லாதது. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும்போது அலையெல்லாம் படிந்துபோய், கடல் பரம சாதுவாகத் தெரியும். வெளியூர்க்காரர்கள் குளம் என்று நினைத்து இறங்குவார்கள். போவது சுலபம், திரும்புவதற்குள் உயிர் போய்விடும். போன வருஷ விடுமுறையில் அக்கா ‘தரைக்காற்று, மிதவை கூடாது’ என்று எழுதிவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்ததும், கண்ணாடி ஈரத்துணியால் துடைத்துவிட்டு ‘கடல் அமைதி’ என்று எழுதினான். கூட்டம் இறங்கியது. ஒரு பெண்ணைக் காற்று தள்ளிக்கொண்டு போனது. நான் படகைக் கிளப்புவதற்குள் மாஸ்டர் நீந்திப்போய் அவளைக் கரைசேர்த்தார். ஆனால் பாறையில் அடிபட்ட அவருடைய வலது கை அதற்குப் பிறகு நெஞ்சுக்கு மேல் எழும்பவே இல்லை.

கேட்டவர்களிடமெல்லாம் கண்ணாடி கூசாமல் சொன்னான்: “அண்ணி எழுதுனதை நம்பித்தான் ஆளை இறக்குனேன்.” ஊரே நம்பியது. அன்றைக்கு நான் பலகையைப் படித்ததே அவன் மாற்றி எழுதிய பிறகுதான் என்பதால், நானும் பாதி நம்பினேன். மாஸ்டர் முழுசாக நம்பினார், அதுதான் அநியாயம். அக்கா அழுது பார்த்தார், கத்திப் பார்த்தார். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு யாருக்கும் காற்றுப் பார்க்கத் தெரியாததால் அக்காவின் வேலை தப்பியது, மரியாதைதான் போயிற்று. ஒரு நாள் அக்கா அழுவதையும் கத்துவதையும் நிறுத்திவிட்டார். அன்றைக்குத்தான் எனக்குப் பயமே வந்தது.

இந்த வருஷம் நீண்ட விடுமுறை, மணல் தெரியாத கூட்டம். நடுவில் ஒரு காலை, மணலை உதிர்த்த அக்கா தனக்குள் சிரித்துக்கொண்டார். ‘தரைக்காற்று. யாரும் இறங்கக்கூடாது’ என்று எழுதிவிட்டு, இந்தத் தடவை பலகைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

வியாபாரம் படுத்ததும் கண்ணாடி மைக்கைப் பிடித்தான். “எங்க அண்ணி புயல்னு எழுதுனா அன்னைக்குத் துணி காயப்போடலாம்! கடலைப் பாருங்க, தூங்குது!” கூட்டம் சிரித்ததே தவிர, யாரும் இறங்கவில்லை. “சரி, நான் போயிட்டு வர்றேன், பாத்துட்டு வாங்க” என்று மிதவையைத் தூக்கினான்.

அக்கா எங்கள் ஒலிபெருக்கியில் குழந்தையிடம் கெஞ்சுவதுபோலச் சொன்னார்: “கொழுந்தனாரே, போகாதீங்க. உங்களால திரும்ப முடியாது. நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

போகச் சொல்லியிருந்தால் அவன் நிச்சயம் போயிருக்கமாட்டான்.

கையசைத்துக்கொண்டே போனான். வெயில் ஏறியதும் காற்றும் ஏறியது. நின்றவன் மண்டிபோட்டான், மண்டிபோட்டவன் குப்புறப் படுத்துக் கையாலேயே தண்ணீரைத் தள்ளினான். கரை அவனைவிட்டு விலகிக்கொண்டே இருந்தது. நான் படகைக் கிளப்பியதும் அக்கா தாவி ஏறினார்.

கயிறு எட்டும் தூரத்துக்கு வந்ததும், “எஞ்சினை நிறுத்து தம்பி” என்றார். நிறுத்தினேன். எங்கள் வாக்கி டாக்கியில் பேசினால் கரை ஒலிபெருக்கியில் கேட்கும். அக்கா அதை அவன் பக்கம் நீட்டி, பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

“அண்ணி, கயிறு!”

“தர்றேன். போன வருஷம் பலகையைத் துடைச்சது யாரு?”

“இப்ப இதா முக்கியம்?”

“எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. காத்துக்குத்தான் அவசரம்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

“நான்தான்! கூட்டம் கலைஞ்சிடுமேன்னு நான்தான் மாத்தி எழுதுனேன். போதுமா?”

“போதாது. உங்க அண்ணனும் கேட்டுக்கிட்டிருக்காரு, அவருக்குச் சொல்லுங்க.”

“அண்ணே, அண்ணி மேல தப்பே இல்லண்ணே!” என்று ஓவென்று அழுதான்.

அக்கா கயிற்றை எறிந்தார். அவனைப் படகில் ஏற்றவிடவில்லை. மிதவையோடு கட்டி, கடற்கரை மொத்தமும் வேடிக்கை பார்க்க, மெதுவாக இழுத்துவரச் சொன்னார். எனக்கும் ஆசை தீர்ந்தது, பொய் சொல்வானேன்.

கரையில் மாஸ்டர் இடுப்பளவு தண்ணீருக்கு வந்து நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. அக்காவை இறக்கிவிட நல்ல கையை நீட்டினார். “என்னை மன்னிச்சிடும்மா. இவன் பொய் சொல்வான்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

அக்கா அந்தக் கையைத் தொடாமல் மறுபக்கமாக இறங்கினார். “அவன் உங்ககிட்ட ஒரு தடவைதான் பொய் சொன்னான். நான் உண்மையை எத்தனை தடவை சொன்னேன்?”

மாஸ்டர் நீட்டிய கையை மெல்ல இறக்கினார்.

“வீட்டுக்கு வாங்க” என்றார் அக்கா. “உங்ககிட்ட நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”