ஜெயந்தி அக்கா அடித்த பென்சில் கோடு

இந்த நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னிச்சுக்கோங்க. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

ஜெயந்தி அக்கா போயிட்டாங்க... புதன்கிழமை மாரடைப்பு. வியாழன் சின்னாளபட்டியில் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு நாளாக எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு... திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் எல்லாம் அக்காதான். நாற்பத்து மூன்று வயது. என் பக்கத்து சீட்.

ஒரு சாஃப்ட்வேர் செய்ய என்னென்ன வேலை, எந்த வரிசையில் என்று எங்களிடம் ஒரு லிஸ்ட் உண்டு. முப்பத்திரண்டு வேலை. புது ப்ராஜெக்ட் வந்தால் அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து, அந்த ப்ராஜெக்டுக்கு வேண்டாததைப் பென்சிலால் அடிப்பார். ஏன் வேண்டாம் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதுவார். காரணம் இல்லாமல் ஒரு கோடு கிடையாது.

கல்யாண மண்டப புக்கிங் ப்ராஜெக்ட் ஒன்று வந்தது. முப்பத்திரண்டையும் செய்தே ஆக வேண்டும் என்றார் மேனேஜர்.

"நாலு ஸ்க்ரீனுக்கு இம்புட்டுப் பேப்பரா சார்? இத எழுதி முடிக்கிறதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளைக்குப் பிள்ளையே பொறந்துரும்."

அக்கா சொன்னதைக் கேட்டு மேனேஜரே சிரித்துவிட்டார். கடைசியில் பதினொன்று மிஞ்சியது.

பூ மண்டி ஆப்புக்கு வேறு மாதிரி. வாராந்திரப் பத்து மணி மீட்டிங்கை அடித்துவிட்டு, 'வியாபாரிகள் தூங்கும் நேரம்' என்று எழுதினார். லிஸ்டிலேயே இல்லாத ஒன்றைச் சேர்த்தார். விடிகாலையில் தராசுப் பக்கம் போய் நின்று பார்ப்பது.

நானும் போனேன். ஒரு வியாபாரி எங்கள் ஆப்பை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஏத்தா, ஈரக்கையோட இந்தப் பொடிப் பட்டன யாரு அமுக்குறது? தெனமும் நீ வந்து அமுக்குவியா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே எல்லாப் பட்டனும் பெரிதாகிவிட்டது.

இனி, இரண்டு நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

நத்தம் பக்கம் ஒரு குழந்தைகள் கிளினிக். குழந்தையின் எடையைப் போட்டால் சிரப் எத்தனை மில்லி என்று சீட்டில் வரும். அந்த புரோகிராம் நான் எழுதியது. நர்ஸ்கள் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பதும் லிஸ்டில் இருந்தது. போன மாதம் அதற்குப் போக வேண்டிய வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். அதை மட்டும் எடுத்துவிடுங்கள் அக்கா என்று கெஞ்சினேன்.

அக்கா பென்சிலை எடுத்தார். "சரி, இப்போதைக்கு அடிச்சு வைக்கிறேன். பிள்ளைக்குச் சரியானதும் காரணத்த நீயே வந்து எழுது. எழுத வரலன்னா கோட்ட அழிச்சிரு, ரெண்டு பேரும் ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

அப்புறம் ஆளுக்கொரு வேலை. நான் மறந்தேன். அவரும் கேட்கவில்லை. வருகிற திங்கள் அந்தக் கிளினிக்கில் அந்த புரோகிராமைப் பயன்படுத்த ஆரம்பிக்கிறார்கள்.

இன்று அக்காவின் ஃபைல் என் கைக்கு வந்தது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இடம் காலி.

என்ன எழுதுவது? பாப்பாவின் காய்ச்சல் எனக்குக் காரணம். அந்தக் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளுக்கு அது எப்படிக் காரணமாகும்?

பச்சைக் குழந்தையின் எடையைக் கிராமில் போடுவார்களா, கிலோவிலா? அழுகிற பிள்ளையை அம்மாவோடு சேர்த்து எடை போட்டு, அம்மாவின் எடையைக் கழிப்பார்களா? நாங்கள் யாரையும் கேட்கவில்லை. எங்கள் மேஜையில் எல்லாம் சரியாகத்தான் வந்தது... டாக்டர் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சீட்டைக் கொடுப்பார். கூட்டமான நாளிலும் பார்ப்பாரா? சாயந்திரம் பாப்பாவுக்கு மருந்து ஊற்றும்போது அளவு மூடியை மூன்று தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

கோட்டை அழித்துவிட்டேன். மேனேஜருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திட்டினார். அப்புறம், புரோகிராம் எழுதினவளே சோதித்தால் செல்லாது, இன்னொரு ஆள் கூட்டிக்கொண்டு போ என்றார். நாளை ஞாயிறு, கிளினிக் மத்தியானம் வரைதான்.

அந்த இன்னொரு ஆள் எப்போதும் அக்காதான்...

உங்களுக்கு அஞ்சலி எழுத உட்கார்ந்து வேலையைப் பேசிக்கொண்டிருக்கிறேன். கோவிச்சுக்காதீங்க அக்கா. போய் வாங்க.

எங்கள் பழைய டீம் ஆட்கள், டெஸ்டிங் தெரிந்த யாராவது, நாளைக் காலை ஏழு மணிக்கு என்னோடு நத்தம் வர முடியுமா? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். வர முடியும், முடியாது, எதுவானாலும் சீக்கிரம் பதில் போடுங்கள்.