புதுச் சாமிக்கு ஒரு வேண்டுதல்

ஓர் உலகத்தையே கட்டிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியாத கர்வம். நாவலில் அரச குலங்கள், போர்கள், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மதம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தைப் பார்த்துத்தான் அதன் தெய்வத்தை உண்டாக்கினேன். கழிமுகத்துக்காரி. கோயில் கிடையாது, பூசாரி கிடையாது. அவளிடம் ஒன்றை வேண்டிக்கொண்டவர்கள் அது நடக்கும்வரை உப்பைத் தொடக் கூடாது. கடைசி அத்தியாயத்தில் நாயகன் அவளைக் கொல்வான். அதற்காகத்தான் நாவலே.

அந்தச் சாவுதான் எழுத வரவில்லை. கடலூரில் என் அறையில் உட்காருவேன், எழுந்து நடப்பேன், பால்கனிக்குப் போவேன், திரும்ப உட்காருவேன். அந்தச் சமயம் பார்த்து அக்கா வீட்டுக்காரரைச் சிதம்பரத்தில் ஐசியூவில் சேர்த்தார்கள். நுரையீரலில் சளி கட்டி மூச்சு விட முடியவில்லை மாமாவுக்கு. தினமும் சாப்பாடு கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பொழுது போகட்டுமென்று எழுதியவரைக்கும் அக்கா போனுக்கு அனுப்பியிருந்தேன். ஐசியூ வாசல் பெஞ்சில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் கேட்டாள்.

"உப்பு போட்டியா?"

"போடாம எப்படிக்கா?"

"அப்ப வேணாம். வேண்டிகிட்டிருக்கேன்."

"எந்தச் சாமிக்கு?"

"உன் சாமிக்குத்தான். கழிமுகத்துக்காரிக்கு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அக்கா, அது நான் பரங்கிப்பேட்டையிலேர்ந்து பஸ்ல வரும்போது யோசிச்சது."

"இருக்கட்டுமே. வடலூர் போயிட்டேன், நடராஜர்கிட்ட அழுதுட்டேன். பக்கத்து பெட்டுக்காரவுங்க தர்காவுல ஓதிக் குடுத்த கயிறும் கட்டியாச்சு. அங்கல்லாம் கூட்டம் ஜாஸ்தி. இவளுக்கு நான் ஒருத்திதான."

டிபன் பாக்ஸை மூடி என்னிடம் தந்துவிட்டு, "கடைசில அவ இருப்பாதான?" என்றாள்.

"இருப்பாக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

பதிப்பகத்திலிருந்து போன் வந்தால் எடுப்பதை நிறுத்தினேன். அந்த அத்தியாயத்தை எழுதினால் உள்ளே மாமாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். நான் உண்டாக்கிய சாமிக்கு நானே பயந்தேன்.

மாமா போய்விட்டார்.

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பியதும் அக்கா வீட்டுக் கூடத்திலேயே லேப்டாப்பைத் திறந்தேன். அத்தனை ஆத்திரம். இத்தனை மாதம் முரண்டு பிடித்த அத்தியாயம் ஒரே மூச்சில் வந்தது. கழிமுகத்துக்காரியை வெட்டிச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தால் அக்கா பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

"இத அழிச்சிடு" என்றாள்.

"உன்ன இப்படி உப்பில்லாமச் சாப்பிட வச்சிட்டு, என்னத்தக்கா கிழிச்சா அவ?"

"ஒண்ணும் கிழிக்கல. மத்த சாமியையெல்லாம் திட்ட எனக்குப் பயமா இருக்கு. புள்ளைங்க இருக்குதுங்க. இவளத் திட்டலாம். இவ உசுரோட இருக்கட்டும்."