கழலாத மூக்குத்தி

பூங்காவனத்தின் மூக்கைப் புற்று தின்றது. பெரியாஸ்பத்திரியில் மூக்கை வெட்டி எடுத்து உயிரை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். அதன்பின் முந்தானையால் முகத்தை மூடாமல் அவள் காஜா பெராங் தெருவில் இறங்கியதில்லை. பக்கத்து வீட்டுக்காரியான என்னிடமே முந்தானைக்குள்ளிருந்துதான் பேசுவாள். அவளைப் பார்த்துப் பிள்ளைகள் அலறின. பெரியவர்கள் அலறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் கலியாணசுந்தரம், டவுனில் பல் கட்டும் தெய்வநாயகத்திடம் அவளை அழைத்துப்போனார். பல் செட்டுக்கு ஈறு செய்கிற அக்ரிலிக்கிலேயே மூக்கும் செய்யலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தெய்வநாயகம் அவள் முகத்தில் மாவை அப்பி அச்செடுத்தார். கல்யாணப் போட்டோவைப் பார்த்துப் பார்த்து மெழுகில் மூக்கைச் செதுக்கினார். அக்ரிலிக் பொடியோ வெள்ளைக்காரன் ஈறுக்கு ஏற்ற ரோஸ் நிறம். அவள் நிறம் வருவதற்குள் மனுஷர் மூன்று மூக்கை வீணாக்கினார்.

போட்டோவில் ஒற்றைக்கல் மூக்குத்தி இருந்தது. அதையே அவள் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்தாள். துளை போட்டு மாட்டினால் விழுந்து தொலையும் என்று, மெழுகிலேயே பதித்து, அக்ரிலிக்கோடு சேர்த்து இறுக்கிவிட்டார் தெய்வநாயகம்.

“இது கழலவே கழலாதும்மா. கடைசி வரைக்கும் சுமங்கலியா இருப்பே” என்றார்.

மூக்கைக் கண்ணாடிச் சட்டத்தோடு பொருத்தியிருந்தார். அதை மாட்டிக்கொண்டு, மெர்டேக்கா சுதந்திர நாளன்று பண்டார் ஹிலிர் திடலில் கூட்டத்தோடு கூட்டமாகப் பூங்காவனம் நின்றாள். முந்தானை தோளில் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வருஷமே கலியாணசுந்தரம் லாரியை ஓரங்கட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

காரியத்தன்று அவருடைய அக்காள் ருக்மணி தாம்பாளத்தோடு பூங்காவனத்தின் எதிரில் உட்கார்ந்தாள். தாம்பாளத்துக்கு வளையல் வந்தது, தாலி வந்தது.

“மூக்குத்தியக் கழட்டு.”

“அது வராது அண்ணி. மூக்கோட சேந்தது.”

“தாலி அறுத்தவ மூஞ்சில கல்லு மின்னுனா ஊரு என்னா பேசும்?”

“பிளாஸ்டிக் மூக்குக்கு என்னக்கா சாங்கியம்?” என்றேன் நான்.

“அத உங்க வீட்டுக் காரியத்துல வந்து சொல்லு.”

கூடத்தில் இருந்த தெய்வநாயகம் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். “நாளைக்குக் கடைக்குக் கொண்டாங்க. அறுத்து எடுத்துத் தந்துர்றேன்.”

“சாங்கியம் இன்னிக்கு. நாளைக்கு எடுத்து என்னா பண்றது?”

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பூங்காவனம் இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றினாள். மூக்கோடும் மூக்குத்தியோடும் அதைத் தாலிக்குப் பக்கத்தில் வைத்தாள். முந்தானையை இழுக்கவில்லை. ருக்மணியை நேராகப் பார்த்தாள்.

“போதுமா அண்ணி?”

ருக்மணி சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“மூஞ்ச மூடிக்கடி” என்றாள்.